ம் கொட்டியவன்

பூபதி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறே முக்கால் இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும், மணி பார்க்கச் சட்டைப்பைக்குப் போன கை வெறும் துணியைத் தடவிவிட்டுத் திரும்பியது. போன் பம்ப்செட் கம்பெனி அலுவலகத்தில், அவன் மேசை இழுப்பறைக்குள் பூட்டுப் போட்டுக் கிடந்தது. நாளைக் காலை ஒன்பது மணி வரைக்கும் அது அங்கேதான் கிடக்கும், கிடக்கட்டும், காது டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். இரண்டு மாதமாகக் காதுக்குள் ஒரு சத்தம். குழாயடியில் முகம் கழுவும்போது, சிக்னலில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது, டிணுங் என்று செய்தி வந்து விழுகிற சத்தம். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. ஒருநாள் போனை வீட்டில் மறந்துவிட்டுப் போய், அன்றைக்கும் பகல் முழுக்கத் தொடைக்குப் பக்கத்தில் அது டிணுங் டிணுங் என்றுகொண்டே இருந்ததும்தான் பயம் பிடித்தது. டாக்டர் விளக்கைப் பிடித்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, வேலை முடிந்ததும் போனைக் கண்காணாத இடத்தில் வைத்துவிடுங்கள், பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், அப்புறமும் கேட்டால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நேற்றுதான் முதல் சாயங்காலம். போன் இல்லாமல் வீட்டுக்கு வரவே பயந்து சிங்காநல்லூர் குளத்துக்கரையில் ஒன்பது மணி வரைக்கும் நடந்துகொண்டிருந்துவிட்டு, வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டான். இன்றைக்கு மழை. மழைக்கு ஒதுங்க வீட்டைத் தவிர வேறு இடம் இல்லாமல் போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, சோபாவின் வலது மூலையில் போய் உட்கார்ந்தான். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிப் போன பள்ளம், அவன் உடம்புக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் அதில் உட்கார்ந்ததாக அவனுக்கு ஞாபகமே வரவில்லை. தினமும் சாயங்காலம் இங்கேதான் இருந்திருக்கிறான், அதில் சந்தேகமில்லை, மூன்று வருடமாக, போனும் கையுமாக. ஆனால் அந்தச் சாயங்காலங்களை நினைத்துப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் அனுப்பிய, எரிந்துபோன மோட்டார் காயில்களின் படங்கள் வந்தன, பொள்ளாச்சியிலிருந்து யாரோ அனுப்பிய துருப்பிடித்த பம்பு இம்பெல்லர் வந்தது, அப்புறம் வீடியோவில், எந்த ஊரோ எந்த நாடோ, ஒரு ஆள் அழுக்குக் கம்பளத்தை நுரைபோட்டுக் கழுவிக்கொண்டே இருந்தான், இன்னொருத்தன் காட்டுக்குள் ஒற்றையாளாகக் குழி தோண்டி நீச்சல்குளம் கட்டினான். இந்த அறை வரவில்லை.

அறையை இப்போதுதான் பார்க்கிறவன்போலப் பார்த்தான். சன்னலில் பச்சைத் திரை. பச்சையா? இந்த வீட்டில் எப்போதும் காவி நிறத்தில் ஒரு திரை தொங்கியதாகத்தான் நினைப்பு. மழைக்காற்றில் அந்தப் பச்சை உள்ளே வந்து வந்து போயிற்று, யாரோ பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல. கடிகாரம் வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு வந்திருந்தது. அது ஓடுகிற சத்தம் கேட்டது. கடிகாரம் இவ்வளவு சத்தமாகவா ஓடும், மூன்று வருடமும் இப்படித்தான் ஓடிற்றா. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், உள்ளறையில் மிதுனா எதையோ மனப்பாடம் செய்யும் முணுமுணுப்பு, இவை எல்லாவற்றுக்கும் நடுவில் அவனுடைய வலது கட்டைவிரல் தொடைமேல் தானாக மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இடது கையால் பொத்திக்கொண்டான். சுகந்தி டீயோடு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சேலை மாற்றி, முகம் கழுவியிருந்தாள். அவள் டம்ளரை நீட்டும்போது அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது, சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள். இளைத்திருந்தாள். எப்போது இளைத்தாள்? காதோரம் நரை இருந்தது. டீயைக் குடித்தான், சர்க்கரை இல்லை. சர்க்கரை போட மறந்துவிட்டாயா என்று கேட்டதற்கு, போன மாசமே வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க, நானும் விட்டுப் பாக்கறேன், ரெண்டு பேருமே விட்டுருவோம்னு கேட்டேன், சரின்னீங்க என்றாள். திரைச்சீலையைக் கேட்டான். பச்சையா நீலமா என்று இரண்டு துணியையும் கொண்டுவந்து காட்டியதாகவும், அவன் பச்சையைப் பார்த்துத் தலையாட்டியதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, மறந்துட்டீங்களா என்று சிரித்தபடி உள்ளே போனாள். அவள் போன பிறகும் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேர்ந்தெடுத்தவன் யார். நல்ல பச்சைதான். அவனைக் கேட்டிருந்தால் நீலத்தைச் சொல்லியிருப்பான்.

மிதுனா வெளியே வந்து, அப்பா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிற பெண், அவன் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். வந்து பக்கத்தில் உட்காராமல் எதிர்நாற்காலியின் நுனியில், வந்த விருந்தாளியிடம் பேச உட்கார்வதுபோல உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை பரதநாட்டியம் இருக்குமே, மழை என்று போகவில்லையா என்று கேட்டான். அதை நிறுத்தி ஒரு மாதமாகிறது என்றாள் அவள். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று அவன் குரல் கொஞ்சம் உயர்ந்ததும், உங்களைக் கேட்டுத்தான்ப்பா, அம்மாவுக்கு உதவியா வீட்ல இருக்கேன்னு சொன்னேன், ம்ன்னீங்க என்றாள். அந்த ம்மை அவள் சொல்லிக் காட்டிய விதத்தில் பூபதி நிமிர்ந்து உட்கார்ந்தான். உதடு பிரியாமல், மூக்குக்குள்ளிருந்து, கொஞ்சம் இழுத்து, கடைசியில் லேசாக இறங்கும் ஒரு ம். கேலி செய்யவில்லை அவள், தெரிந்த ஒருவரின் பேச்சைச் சொல்லும்போது குரலும் கூடவே வந்துவிடுமே, அப்படி வந்தது. அந்தக் குரலை அவனுக்குத் தெரியவில்லை. பெண் எழுந்து சமையலறைக்குப் போய், அம்மா நகரு, நான் உலை வெக்கறேன் என்று சொல்வது கேட்டது. பதிமூன்று வயதில் இவள் எதற்கு உலை வைக்கக் கற்றுக்கொள்கிறாள். அம்மாவுக்கு எதற்கு உதவி.

அப்போதுதான் உள்ளேயிருந்து சுகந்தி அதைக் கேட்டாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, சாதாரணமாக, நேற்றும் முந்தாநாளும் பேசிய ஒன்றின் தொடர்ச்சியாக. "ஏனுங்க, வியாழக்கிழமைக்கு லீவு சொல்லீட்டீங்களா?"

அவன் வாய் திறக்கவில்லை. ஆனாலும் பதில் போயிற்று. ம் என்று போயிற்று. சற்றுமுன் மகள் சொல்லிக்காட்டிய அதே ம், மூக்குக்குள்ளிருந்து, இழுத்து, இறங்கி. அவன் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று நினைக்கவும் இல்லை, அது சோபாவின் வலது மூலையிலிருந்து எழும்பிப் போய்ச் சமையலறையில் விழுந்தது, அங்கே சுகந்தி திருப்தியாக அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். பூபதி உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்ன? நாள்காட்டி அலமாரிப் பக்கத்தில் தொங்கியது, எழுந்து போய்ப் பார்த்தான். வியாழக்கிழமையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம், வேறு ஒன்றும் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எதற்கு எழுதுவது. யாருக்காவது கல்யாணமா, ஆவணி கடைசியில் முகூர்த்தம் இருக்கும், ஆனால் கல்யாணத்துக்கு யாரும் சிவப்பு வட்டம் போடமாட்டார்கள், பேரைத்தான் எழுதுவார்கள். மிதுனாவுக்குப் பள்ளியில் ஏதாவதா. பாஸ்போர்ட்டா. போன மாதம் சுகந்தி ஏதோ ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னாள், இன்சூரன்ஸ் ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வரும், வந்ததும் சொல்லுங்க என்றாள், ஆறு இலக்கத்தை அவன் வாசித்தான், வாசித்த கையோடு அதே போனில் உடுமலைப்பேட்டைக்காரரின் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி படம் பெரிதாகிவிட்டது. அது இதற்கா? ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினாள், எங்கே போடுவது என்று மட்டும் கேட்டுப் போட்டான். எதில் போட்டான்? கேட்டுவிடலாம், சுகந்தி, வியாழக்கிழமை என்ன என்று ஒரு வார்த்தை. கேட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. ஆனால் கால் நாள்காட்டிக்கு முன்னாலேயே நின்றது. இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருக்கிறது, அது அவனுக்கும் தெரியும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்கிற நிமிடத்தில் இங்கே இத்தனை நாள் இருந்தது யார் என்ற கேள்வி வந்துவிடும்.

யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு சாந்தாமணி, நனைந்த குடையோடு, கழுவிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். அவனோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள். இன்றைக்குக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு நகராமல், சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தி, நாலு நாளைக்குச் சோறு நான் ஆக்கிக் கொடுத்துவிடுகிறேன், சின்னப்பிள்ளையை அடுப்பில் விடாதீர்கள் என்றாள். அவன் தலையாட்டினான். வேறென்ன செய்வது. அவள் போகத் திரும்பி, மறுபடி நின்று சொன்னாள், உங்களைப் பத்திச் சுகந்தி சொல்லாத நாளில்லீங்க, இந்த மாதிரி நேரத்துல கலங்காம நிக்கற ஆம்பளை நான் பாத்ததில்லை. கண் கலங்கியிருந்தது அவளுக்கு. கதவைச் சாத்திவிட்டுப் பூபதி கிண்ணத்தோடு நின்றான். எந்த மாதிரி நேரம். மழை வலுத்தது. காதில் அந்த டிணுங் கேட்கும் என்று எதிர்பார்த்தான், கேட்டால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது, பழகிய சத்தம். கேட்கவில்லை.

கிண்ணத்தை வைக்க இடம் தேடிப் படுக்கையறைக்குள் போனான், கிண்ணத்தைப் படுக்கையறையில் யாரும் வைப்பதில்லை என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், பரண்மேல் இருக்கவேண்டிய நீலநிறப் பை கீழே இருந்தது. தூசு துடைத்து, சிப் பாதி மூடி. கிண்ணத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குனிந்து சிப்பை இழுத்தான், பல் பல்லாக அது திறக்கும் சத்தம் சமையலறைக்குக் கேட்டுவிடும்போலிருந்தது. மடித்த துண்டுகள். புது பிளாஸ்க், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், சோப்புப் பெட்டி. அவளுடைய துணிகள் மட்டும். அவனுடையது ஒன்றுமில்லை, மிதுனாவுடையதும் இல்லை. போகிறாள். வியாழக்கிழமை போகிறாள், அவனுக்குச் சொல்லிவிட்டே போகிறாள், போகட்டுமா என்று கேட்டிருப்பாள், ம் என்றிருப்பான். கலங்காமல் நிற்கிற ஆம்பளை. பெண் உலை வைக்கக் கற்றுக்கொள்கிறாள். கையெழுத்து. கையெழுத்து எதில் போட்டான். பதினைந்து வருடத்தில் ஒரு பொழுதும் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை, வீட்டில்தானே இருந்தான், தினமும் ஆறே முக்காலுக்கு வந்து இந்த வீட்டில்தானே இருந்தான் என்று யாரிடமோ வாதாடிக்கொண்டே கையை இன்னும் ஆழமாக விட்டான். அடியில் மூன்று நைட்டி, புதியவை, மூன்றும் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்தவை. இந்த மாதிரி நைட்டியை அவன் முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், மிதுனா பிறந்தபோது சுகந்தியுடைய அக்கா கோபியிலிருந்து வாங்கிவந்தாள், பால் கொடுக்க வசதி என்று. நாற்பத்தோரு வயதில் ஒரு குழந்தையா? ஒரு நொடி, ஒரே நொடி, உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக ஏதோ ஓடிற்று. ஆனால் அவள் இளைத்திருந்தாள். சாந்தாமணி கண் கலங்கியிருந்தாள். நைட்டியின் துணி கைக்குள் வழுவழுவென்று இருந்தது, எந்த உடம்புக்கு என்ன நடக்கப்போகிறது என்று அதற்குத் தெரியும்போல. மடித்தபடியே மடித்து உள்ளே வைத்தான். சிப்பை முன்பு இருந்த இடத்துக்கே, பாதிக்கு இழுத்துவிட்டான், திருடன் செய்வதுபோல.

மிதுனா மறுபடி தன் அறைக்குப் போய் மனப்பாடத்தைத் தொடங்கியிருந்தாள். பூபதி சமையலறை வாசலில் போய் நின்றான். இந்த நேரத்தில் அவன் அங்கே வந்து நிற்பது சுகந்திக்கு விசித்திரமாக இருந்திருக்கவேண்டும், ஏதாச்சும் வேணுமுங்களா என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து. எப்போதும் இப்படித்தான் நறுக்குவாளா. அவனுக்கு ஞாபகம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் விஷயம் பிடுங்குகிற பழக்கத்தில், எல்லாம் தெரிந்தவன்போல, வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டியிருக்கும் என்று கேட்டான். காலையில் ஆறு மணிக்கு அங்கே இருக்கவேண்டும் என்றாள் அவள், சொன்னேனே, முதல் கேஸ் நம்முடையதுதானாம், நாளை ராத்திரி பத்து மணிக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாதாம். அக்கா நாளைச் சாயங்காலம் வந்துவிடுவாள். கடையிலிருந்து சகாயமேரி வருவாள். அவள்தான் எல்லாவற்றுக்கும் கூட வந்தாள், ஊசிபோட்டுச் சதை எடுத்த அன்றைக்கும், ரிசல்ட் வாங்கிய அன்றைக்கும், வியாழக்கிழமை மட்டும் நீங்கள் இருந்தால் போதும். கத்தி வெங்காயத்தில் சீராக இறங்கிக்கொண்டிருந்தது. சதை, ரிசல்ட் என்ற வார்த்தைகளுக்கு அவன் முகம் ஏதாவது செய்திருக்கும், அவள் பார்க்கவில்லை, வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். நீங்க மட்டும் அன்னிக்குக் கத்திக் கூப்பாடு போட்டிருந்தீங்கன்னா நான் அங்கயே விழுந்திருப்பனுங்க. கட்டி இருக்குதுன்னு சொன்னேன். நீங்க பாட்டுக்கு, பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே பாத்தாச்சு, கழட்டிப் பாத்துக் கெட்டதை மட்டும் எடுத்துப்போட்டுட்டு மாட்டிரலாம், பழையபடி ஓடும்னீங்க. எனக்குப் போயி மரியாதை குடுத்து, மோட்டாருக்குச் சொல்றாப்புல. அழுதுட்டு வந்தவ சிரிச்சிட்டேன்."

பூபதிக்கு அது ஞாபகம் வந்தது. அப்படியே, ஒரு எழுத்துத் தவறாமல் வந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து விவசாயி, பேர் செங்கோடன், ஏழரை ஹெச்பி மோட்டார், போட்டுப் பதினெட்டு மாதம், பேரிங்கில் கரகர என்று சத்தம் வருகிறது, முழுக்கப் போய்விடுமோ என்று பயந்து சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். அந்தச் சத்தத்தை இயர்போனில் இரண்டு முறை போட்டுக் கேட்டான், இப்போதும் அந்தக் கரகர காதில் இருக்கிறது. கேட்டுவிட்டு, குரல்பதிவு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க என்று ஆரம்பித்துப் பதில் பேசினான். பேசும்போது முன்னால் நிழல்போல யாரோ நின்றார்கள். சேலை நுனி தெரிந்தது. என்ன நிறம்? அது வரவில்லை. அவள் உதடு அசைந்திருக்கும், அசைந்ததைப் பார்த்து அவன் ம்மும் சொல்லியிருப்பான். செங்கோடனின் மோட்டாரை மறுநாள் ஆட்கள் போய்க் கழற்றி, பேரிங் மாற்றி, மாட்டிவிட்டு வந்தார்கள், தண்ணீர் பழையபடி ஏறிற்று, அவர் கும்பிடுகிற கைப்படம் அனுப்பினார். இவள் அன்றைக்கு எங்கே படுத்து எப்படித் தூங்கினாள். அவளுக்கு ஆறுதல் சொன்னவன் ஒருத்தன் இந்த வீட்டில் இருந்திருக்கிறான். சிரிக்க வைத்திருக்கிறான், பச்சைத் திரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான், சர்க்கரையை அவளோடு சேர்ந்து விட்டிருக்கிறான், ஊரே மெச்சுகிறது. இரண்டு நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த இன்னொருத்தனே அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான், பூபதி சட்டையும் செருப்பும் போட்டுக்கொண்டு கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவளைக் கலங்கவைக்காதே, இந்த நேரத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே பிடிமானத்தை உதறிவிடாதே, அப்புறம் எல்லாம் ஆன பிறகு, ஒருநாள், மெதுவாக. இது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததே பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அப்படி யோசித்த குரல் நிதானமாக, மூக்குக்குள்ளிருந்து, கடைசியில் லேசாக இறங்கி முடிந்தது.

அவள் நறுக்கியதை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அவனும் வந்தான். வலது மூலைக்குப் போகாமல் எதிரே, மிதுனா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு, போன் இல்லாத இன்றைக்கே கேட்டுவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறாராம். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மாதம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைப்பது ஒன்று. மொத்தமாகவே எடுத்துவிடுவது இன்னொன்று. சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டதால் எதைச் செய்தாலும் உயிருக்குப் பயமில்லை, வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று சொன்னாராம். நாளைப் பகலுக்குள் சொல்லவேண்டும். "நானும் மூணு வாட்டி கேட்டுட்டேன். இதுவா அதுவான்னுதான் கேட்டேன். மூணு வாட்டியும் ம்ன்னீங்க. எதுக்கு ம்ன்னு எனக்குத் தெரியலீங்க." குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவன் பதிலுக்காக அவள் முகம் நிமிர்ந்து காத்திருந்தது. மூன்று வருடத்தில் அந்த முகம் இப்படி எத்தனை முறை நிமிர்ந்து காத்திருந்ததோ. தொண்டையில் அந்தச் சத்தம் உருண்டு வந்து நின்றது, உதட்டை அழுத்தி மூடினால் வெளியே வந்துவிடும், ஆகையால் அவன் வாயைத் திறந்தான்.

"சுகந்தி, நான் எதையும் கேக்கல."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் சொன்னான். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. கட்டி என்று நீ சொன்னது எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் தெரியும், நாள்காட்டியில் வட்டத்தைப் பார்த்தேன், பையைத் திறந்து பார்த்தேன், நீ என்னை விட்டுப் போகிறாய் என்று நினைத்தேன், பயப்படாதீங்க என்று சொன்னது உனக்கில்லை, காங்கேயத்துக்காரர் ஒருத்தருக்குச் சொன்னது, அவர் மோட்டாருக்கு. அழுவாள், எழுந்து போய்விடுவாள், கையில் அகப்பட்டதை எடுத்து எறிவாள், இதில் எதற்கும் அவன் தயாராக இருந்தான். சுகந்தி அப்படி எதுவும் செய்யவில்லை. அவன் சொன்னதை உள்ளே எங்கோ ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறவள்போல அசையாமல் இருந்தாள். இத்தனை நாளாக அவள் சொன்னவை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளிடமே வந்துகொண்டிருந்ததை அவள் முகத்தில் அவனால் பார்க்க முடிந்தது. வெகுநேரம் கழித்து அவள் தலை மெதுவாகத் திரும்பி, பக்கத்தில், சோபாவின் வலது மூலையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தது. கையூன்றி அங்கிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அப்ப நான் யாருகிட்டங்க சொன்னேன்?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அறியாத வழியில் யாரிடமாவது ஊர் பேரைக் கேட்பதுபோல, கொஞ்சம் பயத்தோடு. அவனும் அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் மிதுனாவின் முணுமுணுப்பு நின்றுபோயிருந்தது, எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. திரை உள்ளே வந்து, நின்று, வெளியே போயிற்று. எல்லாவற்றையும் இப்போது கேட்டுவிடவேண்டும், டாக்டர் பேர் என்ன, என்றைக்குப் பார்த்தாய், வலி இருக்கிறதா, எது வேண்டும் உனக்கு, கேள்விகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டிய ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்தது. அதைக் கேட்க அவனுக்கு நாக்கூசிற்று. பதினைந்து வருடம் கூடப் படுத்து எழுந்த மனைவியிடம், சாந்தாமணிக்கும் சகாயமேரிக்கும் எட்டாவது படிக்கிற மகளுக்கும் தெரிந்த ஒன்றை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"எங்க இருக்குது?" என்று கேட்டான்.

சுகந்தி அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், இவன் யாரென்று முடிவு செய்கிறவள்போல. அப்புறம் எழுந்து போய் மிதுனாவின் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வந்து அவனுக்கு எதிரே அவளும் தரையில் உட்கார்ந்து, அவன் வலது கையை எடுத்து, விரல்களைப் பிரித்து, முந்தானைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். இடது மார்பில், மேல்பக்கம், அக்குளை ஒட்டி. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெதுவெதுப்பு மட்டும்தான், வெங்காய வாசனை, ரவிக்கைத் துணி, அதற்கும் கீழே வேகமாக அடித்துக்கொண்டிருந்த அவள் நெஞ்சு. இன்னும் கொஞ்சம் அமுத்துங்க, வலிக்காது என்றாள். அமுக்கினான். ஊறாத கொண்டைக்கடலை அளவில் ஒன்று விரல்நுனிக்கு அடியில் வந்து நின்றது. தள்ளிப் பார்த்தான், நகரவில்லை. விரலை எடுக்கவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது, வைத்திருந்தான்.

"ஆடி ரெண்டாவது வெள்ளிக்கிழமைங்க," என்று அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "காலைல குளிச்சிட்டிருந்தேன்."